மூன்றாம் அலமாரி

மயிரிழையில் தப்பித்தேன் என்று யாராவது சொன்னால் எங்கள் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் கணக்கில் மயிரிழை என்பது பெரிய தூரம். கல்யாணமான புதிதில் ஒருநாள் என் சலூனுக்குள் வந்து, தரையில் கிடந்த முடிகளில் ஒன்றைப் பொறுக்கி, காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மறுநாள் திரும்பி வந்து, "எழுபத்திரண்டு மைக்ரான் தம்பி. யாரு முடி அது?" என்று கேட்டார்.

நான் முடி வெட்டுகிறவன். என் தொழிலில் தப்பு நடந்தால் பதினைந்து நாளில் அதுவாக வளர்ந்து சரியாகிவிடும். அதனாலோ என்னவோ, தப்பே நடக்கக்கூடாத ஒரு வேலையில் ஒரு மனுஷி இருபத்திரண்டு வருஷம் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பது எனக்குத் தீராத அதிசயம். கேட்டுக்கொண்டே இருப்பேன். பம்ப் தொழிற்சாலை ஆட்களில் பாதிப் பேர் என் கடைக்குத்தான் வருகிறார்கள். காதோரம் கத்தரி ஓடும்போது மனிதர்கள் அதிகம் பொய் சொல்வதில்லை. ஆகவே நான் இங்கே சொல்வதில் பாதி அண்ணி சொன்னது, மீதி அவர்கள் சொன்னது.

அந்தத் தொழிற்சாலையில் அண்ணிக்கு அளவறையில் வேலை. பெரிய பம்புகளில் சுழலும் தண்டின் மேல் ஒரு எஃகு ஸ்லீவ் மாட்டுவார்கள். உள்ளங்கையில் அடங்குகிற குழாய்த் துண்டு, அவ்வளவுதான். குறுக்களவு அறுபது மில்லிமீட்டர். ஐந்து மைக்ரான் கூடலாம், ஐந்து மைக்ரான் குறையலாம், அதைத் தாண்டினால் குப்பை. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. என் கடையில் விழுந்த அந்த முடியை நீளவாக்கில் பதினாலாகப் பிளந்தால் ஒரு கீற்று என்ன தடிமன் வருமோ, அதுதான் அண்ணி விட்டுக்கொடுக்கும் எல்லை.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 'பொறுமையும் துல்லியமும் உள்ளவர்கள் தேவை' என்று ஒரு விளம்பரம் வந்தது. போனார். வந்திருந்த ஒன்பது பேருக்கும் ஆளுக்குப் பத்து ஊசிகளும் ஒரு மைக்ரோமீட்டரும் கொடுத்து, அளந்து எழுதச் சொன்னார்கள். எட்டுப் பேர் பத்து எண்கள் எழுதினார்கள். அண்ணி முப்பது எழுதினார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்திருக்கிறார். மூன்றும் ஒன்றுபோல வராததால் மூன்றையும் எழுதி, கீழே 'இதில் எது வேண்டும் என்று சொல்லவும்' என்று ஒரு குறிப்பு வேறு. வேலை அன்றைக்கே கிடைத்தது.

என் அண்ணன் அதே தொழிற்சாலையில் கிரைண்டிங் மிஷின்காரர். ஸ்லீவைக் கடைசியாக அரைத்து அளவுக்குக் கொண்டுவருவது அவர் வேலை. தன்னிடம் வந்த அவருடைய முதல் ஸ்லீவை அண்ணி நாலு மைக்ரான் எல்லை தாண்டியதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அண்ணன் கோபமாகப் போய் அளவறை ஜன்னலைத் தட்டினார். ஆறு மாதம் தட்டிக்கொண்டிருந்தார், ஏழாம் மாதம் கல்யாணம். இவர்கள் குடும்பம் நடத்துவதே நாலு மைக்ரான் சண்டையில் ஆரம்பித்ததுதான் என்று நான் கிண்டல் பண்ணுவேன். அதற்குப் பிறகு அண்ணன் அரைத்ததில் திரும்பி வந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கத்தரிகளை அவர்தான் தீட்டித் தருவார். அந்தக் கத்தரி ஈர முடியில் கூட நழுவாது.

அளவறையை ஒரே ஒரு தடவை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். கோடையோ மழையோ உள்ளே எப்போதும் இருபது டிகிரி. எஃகு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். அதனால் மிஷினிலிருந்து வரும் ஸ்லீவ்களை ஓர் இரவு முழுக்க அந்த அறையில் வைத்திருந்து, அறையின் குளிர் அதற்குள் இறங்கிய பிறகு காலையில்தான் அளப்பார்கள். அதற்காக மூன்று அலமாரிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. முதல் மிஷின் சரக்கு முதல் அலமாரியில், இரண்டாவது இரண்டாவதில், அண்ணனுடைய மூன்றாம் மிஷின் சரக்கு மூலையில் நிற்கும் மூன்றாவதில். இருபத்திரண்டு வருஷத்தில் ஒன்றுகூட இடம் மாறியதில்லை. கையில் பருத்தி உறை இல்லாமல் அண்ணி எதையும் தொடமாட்டார், ஏனென்றால் உள்ளங்கைச் சூடே ஒன்றிரண்டு மைக்ரானைக் கூட்டிவிடுமாம். சரியாக இருந்தால் சீட்டில் பச்சைப் பேனா, இல்லாவிட்டால் சிவப்புப் பேனா. அதிலும் மிஷினுக்கு ஒரு ஜோடி, தனித்தனியாக.

போன வருஷம் அளவறைக்குப் புதிதாக ஒரு அளவைக் கருவி வந்தது. அதோடு ஒரு கன்ட்ரோல் பெட்டி. பெட்டிக்குள் விசிறி ஓடும், வெதுவெதுப்பான காற்று வெளியே வரும். அந்தச் சூடு அளக்கும் மேஜைப் பக்கம் வரவே கூடாது என்று அண்ணி ஒற்றைக் காலில் நின்று, பெட்டியை மேஜையிலிருந்து ஆகத் தொலைவான மூலையில் வைக்கச் சொன்னார். காற்று சுவரைப் பார்த்துப் போகும்படி திருப்பியும் வைக்கச் சொன்னார். வைத்தார்கள்.

அடுத்த வாரம் அண்ணனுடைய ஸ்லீவ்கள் தவறத் தொடங்கின.

முதல் நாள் இரண்டு. மறுநாள் மூன்று. எல்லாம் அளவுக்கு மேல் ஆறு மைக்ரான். மற்ற இரண்டு மிஷின் சரக்கும் அதே கருவியில் சரியாகத்தான் வந்தது, அதனால் கருவி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணி அண்ணனுடைய மைக்ரோமீட்டரை வாங்கிச் சோதித்தார். அதுவும் சரி.

"என் மிஷின்ல அளந்தா சரியாத்தானே காட்டுது," என்றார் அண்ணன், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது.

"கருவி சரியாத்தாங்க இருக்கு. பிடிக்கிற கை எப்படியோ," என்றார் அண்ணி.

நானும் அன்றைக்கு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணி அதைக் கோபமாகச் சொல்லவில்லை, மின்சாரம் எப்போது போகும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் அது சுருக்கென்றது. அண்ணன் தண்ணீர் குடித்தார்.

மறுபடி ஒரு தடவை அளந்து பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "மத்தவங்க சரக்க ரெண்டாந்தடவ அளக்கறதில்ல தம்பி. இவர் சரக்க மட்டும் அளந்தா, புருஷனுக்கு ஒரு நியாயம் ஊருக்கு ஒரு நியாயம்னு ஆயிடும்," என்றார். ஊர் வாயை மூட முடியுமா? மூட முடியாது என்பதால் தன் கையைக் கட்டிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இரண்டு வாரத்தில் அண்ணன் கண் டாக்டரிடம் போனார். வயசுக்குக் கண் நன்றாகவே இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல் ஒரு கண்ணாடி வாங்கினார். கைப்புண்ணுக்குக் கண்ணாடியா என்பார்கள். இவர் இல்லாத புண்ணுக்கே வாங்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார்.

"நடுங்குதா பாரு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்புறம் நானும் குனிந்து பார்த்தேன்.

"நடுங்கல."

"நல்லாப் பாரு. நீ கத்தி பிடிக்கறவன், உனக்குத் தெரியும்."

"போன வாரம் நீ தீட்டின கத்தரி பட்டு மாதிரி வெட்டுது. கையில கோளாறு இருந்தா அது காட்டிக் கொடுக்காதா?"

"கத்தரிக்கு மைக்ரான் கெடையாது," என்றார் அண்ணன். கொஞ்ச நேரம் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆறு கூடுதுன்னா ஆறு கம்மியா அரைச்சுட்டுப் போலாம். அவ பாஸ் பண்ணிடுவா. ஆனா கை வரமாட்டேங்குது. எனக்குச் சரின்னு படறதத் தப்பா எப்படி அரைக்கறது?" என்றார். அவருக்கு முடி வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வெட்டிவிட்டேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மூன்றாம் வாரம் புதன்கிழமை. குப்பைக்குப் போக வேண்டிய சிவப்புச் சீட்டுச் சரக்கையெல்லாம் பூட்டிய பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். அண்ணி அந்தச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு, ஆறு, ஏழு, ஆறு, ஆறு. அப்போதுதான் அவருக்கு உறுத்தியிருக்கிறது. கை தளர்ந்தவன் ஒருநாள் கூட்டுவான், ஒருநாள் குறைப்பான். கண் மங்கினவன் இன்றைக்கு மூன்று, நாளைக்குப் பதினொன்று என்று தடுமாறுவான். இவர் முப்பத்தைந்து தடவை ஒரே இடத்தில் தவறியிருக்கிறார். தப்பு பண்ணுகிறவன் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு பண்ணமாட்டான்.

விதியை முதல் தடவையாக மீறினார். பெட்டியைத் திறந்து ஒரு ஸ்லீவை எடுத்து, மறுபடி அளக்க முடிவு செய்தார். அளப்பதற்கு முன் அதை ஓர் இரவு அறையில் வைக்க வேண்டுமே. மூன்றாம் மிஷின் சரக்கு என்பதால் மூன்றாம் அலமாரியில் ஒழுங்காக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். வியாழக்கிழமை காலையில் அளந்தார். ஆறு. பழக்கம் எப்படிக் காலை வாரிவிடுகிறது பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு நல்ல செய்தி. அண்ணன் முந்தைய நாள் அரைத்து அனுப்பியதில் ஒன்று மட்டும் சரியாக இருந்தது. அளவுக்கு மேல் பூஜ்யம், கீழ் பூஜ்யம். அண்ணி மூன்றாம் மிஷினுக்கான பச்சைப் பேனாவை எடுத்தார். மூன்று வாரமாக மூடியே திறக்காததால் மை வரவில்லை, காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கி வரவழைத்தார். தொழிற்சாலையில் அண்ணிக்கு 'மைக்ரான் மேடம்' என்று பெயர்; அன்று காலை மைக்ரான் மேடம் ஏதோ பாட்டை முணுமுணுத்தார் என்று இரண்டாம் மிஷின்காரர் என்னிடம் சொன்னார், அவரே நம்பாத மாதிரி.

மத்தியானம் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். நாற்பத்தொரு ஸ்லீவ் வீணானதால், திங்கள் முதல் மூன்றாம் மிஷின்காரருக்குப் பேக்கிங்கில் வேலை. இருபத்தாறு வருஷம் கிரைண்டிங்கில் நின்றவர் இனி அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். அண்ணி அந்த நேரத்தில், புதன்கிழமை எடுத்த அதே ஸ்லீவை இன்னொரு தடவை அளக்கலாமா என்று மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளைப் படித்துவிட்டு வந்தவர் ஸ்லீவை அப்படியே விட்டுவிட்டு, பேனாவைக்கூட மூடாமல், அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மேஜையை ஒதுக்காமல் கிளம்பியது அன்றைக்கு மட்டும்தான். புருஷன்மேல் அவருக்கு இருந்த பாசத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்த ஒதுக்காத மேஜை.

சனிக்கிழமை காலையில் ஸ்லீவ் மேஜைமேலேயே இருந்தது. அதை எடுத்து வைப்பதற்கு முன்னால், ஒரு நப்பாசையில், கருவியில் வைத்தார்.

பூஜ்யம்.

மறுபடி வைத்தார். பூஜ்யம். மூன்றாம் தடவையும் பூஜ்யம். அதே ஸ்லீவ், அதே கருவி, அதே இருபது டிகிரி. வேறுபட்டது ஒன்றே ஒன்றுதான், அது இரவு தூங்கிய இடம். அண்ணி எழுந்துபோய் முதல் அலமாரி முன்னால் நின்றார். கையுறையைக் கழற்றினார். அந்த அறைக்குள் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வெறுங்கையால் ஒரு ஸ்லீவைத் தொட்டார். சில்லென்றிருந்தது. இரண்டாம் அலமாரி, அதுவும் சில். மூன்றாம் அலமாரியில் இருந்ததைத் தொட்டார். சில்லென்று இல்லை.

குனிந்து பார்த்தார். பெட்டியின் விசிறிக் காற்று சுவரில் மோதித் திரும்பி, நேராக மூன்றாம் அலமாரிக்குள் போய்க்கொண்டிருந்தது. வெப்பமானி மேஜைமேல் இருந்ததால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. கையில் உறை இருந்ததால் அண்ணிக்கும் தெரியவில்லை. அவர் கொஞ்சம் அசட்டையான ஆளாக இருந்து ஒருநாளாவது சரக்கை இடம் மாற்றி வைத்திருந்தால் முதல் வாரமே குட்டு உடைந்திருக்கும். ஒன்பது டிகிரி கூடுதல் சூட்டில் ஸ்லீவ்கள் இரவெல்லாம் ஆறு மைக்ரான் விரிந்துகொண்டிருந்தன. அண்ணன் கை அப்படியேதான் இருந்தது.

இதைப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? பெண்டாட்டி புருஷனைக் காப்பாற்றுகிறாள் என்பார்கள். அண்ணி அதையும் யோசித்துவிட்டுத்தான் மேனேஜர் அறைக்குப் போனார்.

"நான் சொல்றத நம்பாதீங்க சார். நீங்களே அளங்க."

இரண்டாம் மிஷின் சரக்கில், ஏற்கெனவே பச்சைச் சீட்டு வாங்கிய நாலு ஸ்லீவை மேனேஜரே பொறுக்கினார். தன் கையால் பெயின்ட் பொட்டு வைத்து மூன்றாம் அலமாரியில் வைத்தார், அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். அண்ணி வீட்டில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திங்கள் காலையில் அண்ணன் கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு பேக்கிங்குக்குப் போனார். அதே நேரத்தில் மேனேஜர் அளவறையில் அளந்தார். ஆறு, ஆறு, ஏழு, ஆறு. அந்த நாலையும் மத்தியானம்வரை மேஜைமேல் வைத்திருந்து அளந்தார். நாலும் சரி.

"பெட்டிய நகர்த்திடலாம்," என்றார் மேனேஜர். "அவரையும் நாளைக்கே மிஷினுக்கு அனுப்பிடறேன். எழுத்துல எதுவும் வேணாமே. புது யூனிட் அளவறைக்கு உங்களத்தான் ஹெட்டா போடறதா இருக்கோம். இப்ப இது வெளிய வந்தா நல்லாவா இருக்கும்?" இதை மேனேஜரே என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு.

அண்ணி சாயங்காலத்துக்குள் ஒரு தாள் எழுதி, அண்ணனை மாற்றிய தாள் ஒட்டியிருந்த அதே பலகையில், அதற்கு மேலேயே ஒட்டினார். நாற்பத்தொரு ஸ்லீவும் சரியானவை. தவறு அளவறையில் நடந்தது. பெட்டியை அங்கே வைக்கச் சொன்னது நான். கீழே கையெழுத்து. தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. யானைக்கும் அடி சறுக்கும் என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். சறுக்கிய யானை தானே பலகையில் எழுதி ஒட்டியதை யாரும் பார்த்ததில்லை என்று நான் சொன்னேன்.

தாள் ஒட்டிய அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார் அண்ணி. எதற்கென்று புரியவில்லை. இப்போது யோசித்தால், தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்று நினைக்கிறேன். அண்ணன் பலகையைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். தட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மூணு வாரம். ஒரு தடவகூட என்னை நம்பி அளந்து பாக்கணும்னு தோணலயா உனக்கு?"

"தோணிச்சு. உங்களுக்குன்னா செய்யக்கூடாதுன்னு நெனச்சேன்," என்றார் அண்ணி. "தப்புதாங்க. என் தப்பு. உங்க கையச் சொன்னேன் பாருங்க, அது அதைவிடப் பெரிய தப்பு."

அண்ணி எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து ஒரு ஸ்லீவை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். அதில் பச்சைச் சீட்டு ஒட்டியிருந்தது.

"நாப்பத்தொண்ணும் சரி. இது ஒண்ணுதான் தப்பு. வெள்ளிக்கிழம நான் பாஸ் பண்ணது. வண்டியில ஏத்தறதுக்குள்ள போய் எடுத்துட்டு வந்தேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. அலமாரிச் சூடு எல்லாவற்றுக்கும் ஆறு கூட்டியது. அப்படியானால் அங்கே பூஜ்யம் காட்டியது, நிஜத்தில் ஆறு குறைவாக இருந்திருக்க வேண்டும்.

"தெரியும்," என்றார் அண்ணன். "ஆறு கம்மி. தெரிஞ்சேதான் அரைச்சேன்."

"ஏங்க?"

"ஒரு நாளாவது எனக்கு நீ பச்சப் பேனா எடுக்கணும்னு."

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். முந்தானையால் துடைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். "இதையும் எழுதணும்," என்றார்.

"எழுதித்தான் ஆகணும்," என்றார் அண்ணன்.

அண்ணி பச்சைச் சீட்டைக் கிழித்துவிட்டுச் சிவப்பை ஒட்டினார். ஆறு மைக்ரான் குறைவு, மூன்றாம் மிஷின் என்று எழுதி, கையெழுத்துப் போடப் பேனாவை அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் கண்ணாடியைத் தேடவில்லை. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுங்கவில்லை.